பேனல் கதவின் உட்புறம்

மலாக்கா மாநிலத்துக்குத் தண்ணீர் எந்தக் காலத்திலும் எளிதாகக் கிடைத்ததில்லை. நிலப்பரப்பு சிறியது, ஆறுகளும் சிறியவை. மலாக்கா ஆற்றிலிருந்து இறைத்தும், எல்லைக்கு அப்பால் ஜொகூர் மாநிலத்து மூவார் ஆற்றிலிருந்து குழாய் வழியே கொணர்ந்தும், டுரியான் துங்கல் அணையில் சேர்த்துவைத்து, பிறகு சுத்திகரித்து, மறுபடியும் இறைத்தே ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டில் அந்த அணை வற்றிப்போய், லாரி வரும் நேரம் பார்த்துக் குடங்களோடும் வாளிகளோடும் ஜனங்கள் காத்துக்கிடந்த நாட்களை என் வயதையொத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பங்கீட்டு முறை மறுபடி வந்தபோது அந்த ஞாபகம் பலருக்குத் திரும்பியிருக்கும். ஒரே நீரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறைத்து, ஒவ்வொரு முறையும் மின்சாரத்துக்குப் பணம் கட்டும் ஒரு மாநிலத்தில், இந்தக் குழாயில் இந்த நிமிஷத்தில் எவ்வளவு நீர் போகிறது என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை வேண்டும். அந்த விடையைக் குழாயின் மேலுள்ள மீட்டரிடமிருந்து வாங்கிப் பல மைல் தொலைவில் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவரின் கண்முன் பிழையின்றிக் கொண்டுபோய் நிறுத்துவதே என் ஜீவனமாக இருந்துவந்தது.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில், பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் வளர்ந்தவன் நான். தோட்டத்துப் பம்ப் வீட்டின் எஞ்சினைக் கவனித்துவந்தவர் என் தகப்பனார். எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது என்று கேட்டால், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதே அவர் சொல்லக்கூடிய கணக்கு. கிராணியார் அதைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. பின்னர் நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கருவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது. ஆலைக் கழிவுநீரைப்பற்றி 1977ஆம் ஆண்டு அரசாங்கம் பிரத்தியேகமான விதிகளைப் பிறப்பித்திருந்தபடியால், குட்டையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அளந்து எழுதிவைக்க வேண்டியதாயிற்று. வாய்க்காலின் குறுக்கே முக்கோணமாக வெட்டிய தகடு ஒன்றை நிறுத்தி, அதன்மேல் வழியும் நீரின் உயரத்தைப் படித்து, அட்டவணையில் பார்த்து அளவைக் கண்டுபிடிப்போம். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் நீரளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிசகிவிடும் என்பதை அங்கேதான் கற்றேன். அளவுகோலில் கழிவின் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வாய்க்காலில், படிப்பவரின் பொறுமையே கருவியின் பாதியாக இருந்தது.

1991ஆம் ஆண்டு வறட்சிக்குப் பிறகு நீரளவை வேலைகளைக் குத்தகை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் சேர்ந்தேன். அங்கேதான் அல்ட்ராசோனிக் மீட்டரை முதன்முதலாகக் கையாளும் சந்தர்ப்பம் வாய்த்தது. குழாயை வெட்ட வேண்டியதில்லை. நீரை நிறுத்த வேண்டியதில்லை. குழாயின் வெளிப்புறத்தைச் சுரண்டிச் சுத்தம்செய்து, கிரீஸ் தடவி, இரண்டு சென்சர்களைச் சங்கிலியால் கட்டிவிட்டால் போதும். ஒன்று எழுப்பும் ஒலியை மற்றது கேட்கும்; பிறகு முறை மாறும். ஓட்டத்தோடு நீந்துபவன் முன்னதாகவும் எதிர்த்து நீந்துபவன் தாமதமாகவும் கரைசேர்வதைப் போலவே, நீரோட்டத்தோடு செல்லும் ஒலி சற்று விரைவாகவும் எதிர்த்து வரும் ஒலி சற்றுத் தாமதமாகவும் வந்துசேரும். அந்த வித்தியாசத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து கன அளவையும் மீட்டர் கணக்கிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் நீருக்குள் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். 600 மில்லிமீட்டர் குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், போகும் ஒலிக்கும் வரும் ஒலிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வினாடியின் ஏறத்தாழ இருபது லட்சத்தில் ஒரு பங்கு மாத்திரமே. இத்தனை நுண்மையான காலத்தை, சேறும் கொசுவும் நிறைந்த குழிக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி நிதானமாக அளந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருவியின்மேல் ஒரு மரியாதை தோன்றும். இன்றளவும் அது குறையவில்லை.

கட்டுவதில் சில நியமங்கள் உண்டு. குழாயின் உச்சியில் காற்றும் அடியில் வண்டலும் தங்குமாதலால் சென்சர்கள் பக்கவாட்டில் இருக்கவேண்டும். வளைவுக்கோ வால்வுக்கோ பக்கத்தில் கட்டலாகாது. ஓட்டத்தின் மேல்புறம் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும், கீழ்ப்புறம் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். குழாயின் சுவர்ப் பருமனையும் உள்ளே பூசிய சிமெண்டின் பருமனையும் மீட்டருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களிலும், உள்ளே துரு ஏறிய இரும்புக் குழாய்களிலும் ஒலி தயங்கித் தயங்கியே வரும். ஆனால் இவற்றைக் கையேடுகளே விரிவாகச் சொல்லிவிடுகின்றன. மீட்டரிலிருந்து புறப்படும் கம்பியைப்பற்றித்தான் கையேடுகள் சிக்கனமாகப் பேசுகின்றன. என் ஆயுளில் பெரும்பகுதி கழிந்ததும் அந்தக் கம்பியில்தான்.

தொடக்கத்தில் 4 முதல் 20 மில்லியாம்ப் வரையிலான மின்னோட்டமே எங்கள் தூதன். குறைந்த ஓட்டத்துக்கு 4, நிறைந்த ஓட்டத்துக்கு 20. கம்பி அறுந்தால் பூஜ்யம். எளிமையும் உறுதியும் உள்ள முறை. இன்றும் அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு ஜோடிக் கம்பி ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லும். மீட்டருக்கோ பல விஷயங்கள் தெரியும்: இப்போதைய ஓட்டம், இதுவரை சென்ற மொத்தம், பின்னோக்கிச் சென்றது, ஒலியின் பலம், அதன் தரம். கட்டுப்பாட்டு அறையில் ஓட்டம் பூஜ்யம் என்று காட்டினால், நீர் நின்றுவிட்டதா, அல்லது வெயிலில் கிரீஸ் உலர்ந்து ஒலி கேளாமற்போனதா என்று அந்த ஒற்றை எண்ணைக்கொண்டு சொல்ல முடியாது. அதற்காகவே மீட்டரோடு எழுத்தெழுத்தாகப் பேசும் சீரியல் தொடர்பு தேவைப்பட்டது.

நான் முதலில் பழகியது 1960களில் மோடங்களுக்காக வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 கம்பி. மேன்ஹோலுக்குள் இறங்கி, கனத்த மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, மீட்டருக்கு நேராகக் கட்டளைகளைத் தட்டுவேன். சில மீட்டர்களின் சம்பாஷணை முறை மனிதக் கண்ணால் படிக்கத்தக்கதாக இருந்தது. ‘டி’, ‘வி’ என்ற இரண்டு எழுத்துகளை அனுப்பி வரிமுடிவுக் குறியையும் அனுப்பினால், நீரின் வேகம் எண்ணாக வந்து திரையில் நிற்கும். ‘டி’, ‘எல்’ என்றால் ஒலியின் பலமும் தரமும் வரும். கட்டளைக்கு முன்னால் ‘பி’ சேர்த்தால் விடையோடு ஒரு சரிபார்ப்புத் தொகையும் வரும். வழியில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் தெரிந்துவிடும். பல மீட்டர்கள் ஒரே கம்பியில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லி அழைக்கவேண்டும். அப்படிக் கொடுக்கும்போது 10, 13, 38, 42 ஆகிய எண்களை விலக்கவேண்டும் என்று கையேட்டின் ஒரு மூலையில் எழுதியிருக்கும், காரணம் எழுதியிராது. 10ம் 13ம் வரிமுடிவைக் குறிப்பவை. மற்ற இரண்டும் கட்டளைகளில் விசேஷப் பொருளோடு வழங்கும் குறிகளின் எண்கள். மீட்டருக்கு 13 என்று பெயர் வைத்தால், அதை அழைக்கும்போதே வாக்கியம் முடிந்துவிட்டதாகக் கம்பியிலுள்ள மீட்டர்கள் எண்ணிக்கொள்ளும். இதன் காரணத்தை ஒருமுறை விளங்கிக்கொண்ட இளைஞர்கள் பிறகு அந்த எண்களை மறந்ததை நான் பார்த்ததில்லை. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுத்த இடங்களில் மறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆர்எஸ்-232 குறுகிய தூரத்துக்கே உகந்தது. தூரத்துக்கு 1983ஆம் ஆண்டு தரநிலையாக வந்த ஆர்எஸ்-485 வேண்டும்: முறுக்கிய இரண்டு கம்பி, 1200 மீட்டர் வரை தூரம், ஒரே கம்பியில் 32 சாதனங்கள், இரு முனைகளிலும் 120 ஓம் தடை. காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையிலோ, இரண்டு கம்பிக்கும் ஏ, பி என்று பெயர் வைத்ததிலேயே தகராறு தொடங்குகிறது. தரநிலை ஒருவிதமாகப் பெயரிட, சிப் தயாரித்தவர்களில் பலர் நேர்மாறாகப் பெயரிட்டுவிட்டார்கள். ஆகையால் ஏ-யை ஏ-யோடும் பி-யைப் பி-யோடும் சேர்த்த பின்பும் மீட்டர் மௌனமாக இருப்பது அதிசயமன்று. கம்பியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் ஆபத்தொன்றுமில்லை என்பதை அறியாமல், கருவி பழுதென்று பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பியவர்களையும் நான் அறிவேன்.

ஒரு பம்ப் நிலையத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். மீட்டர் புதியது, கம்பி புதியது, இரவில் விடைகள் ஒழுங்காக வந்தன, பகலில் பாதி வராது. மென்பொருளைப் பார்த்தார்கள், வேகத்தை 9600லிருந்து குறைத்துப் பார்த்தார்கள், மீட்டரையே மாற்றினார்கள். அந்த நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த, அலோர் காஜா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, “தம்பி, ரெண்டாம் நம்பர் மோட்டார் ஓடுறப்பதான் உங்க மீட்டர் வாய மூடிக்குது” என்றார். “எப்படிண்ணே சொல்றீங்க?” என்று கேட்டேன். மோட்டார் ஏற்றி இறக்கும் நேரங்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார்; எங்களிடம் விடை வராத நேரங்களின் பட்டியல் இருந்தது; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு வரிகூட முரண்படவில்லை. இரண்டாம் மோட்டாருக்குச் சமீபத்தில்தான் வேகம் மாற்றும் மின்னணு இயக்கி பொருத்தியிருந்தார்கள். அதன் மின்கம்பியும் எங்கள் சீரியல் கம்பியும் ஒரே பள்ளத்தில் அருகருகே கிடந்தன. தனிப் பள்ளம் வெட்டி, உறையிட்ட கம்பியைப் போட்டு, அந்த உறையை ஒரே முனையில் நிலத்தோடு இணைத்ததும் தொல்லை தீர்ந்தது. அன்றுமுதல் எந்த நிலையத்துக்குப் போனாலும் அங்கே வேலை பார்ப்பவரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கருவியைத் திறப்பது என் வழக்கமாயிற்று.

இடியைப்பற்றியும் ஒரு வார்த்தை. உலகில் இடிமின்னல் மிகுந்த பிரதேசங்களில் மலேசியாவும் ஒன்று. மாலை மழையில் அருகே இடி விழுந்து இரண்டு கட்டடங்களின் நிலமட்ட மின்னழுத்தம் வேறுபடும்போது, அவற்றை இணைக்கும் இரண்டு கம்பியின் நுனிகளிலுள்ள சிப்புகளே அந்த வேறுபாட்டைத் தாங்கவேண்டியிருக்கிறது, தாங்காமல் கருகிவிடும். பொதுக்கம்பியாக மூன்றாவது ஒன்றைப் போடுவதும், இரு முனைகளிலும் தனிமைப்படுத்தும் கருவியும் இடிதாங்கியும் வைப்பதும் செலவன்று, சிக்கனம். டெண்டரில் முதலில் வெட்டப்படுவதும் அவைதான் என்பது எனக்கு நீங்காத வருத்தம்.

இவ்வளவும் கம்பியின் கதை. கம்பியின்மேல் பேசப்படும் முறையாகக் காலப்போக்கில் எங்கும் நிலைத்தது மோட்பஸ். 1979ஆம் ஆண்டு மோடிகான் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வகுத்த முறை அது. ஒருவர் கேட்பார், பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் மட்டும் விடையளிப்பார், மற்றவர் மௌனம். பெயர்கள் 1 முதல் 247 வரை. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் பிழையறிய இரண்டு பைட்டுகள். வாக்கியம் முடிந்தது என்பதற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம்; 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். கைப்பேசி வலையமைப்பின் மோடம் வழியே மீட்டரைப் படிக்கத் தொடங்கிய காலத்தில், மோடம் ஒரு வாக்கியத்தை இரண்டு துண்டாக்கி, நடுவில் தானாக மௌனத்தைப் புகுத்திவிடும். மீட்டர் அதை இரண்டு அரைகுறை வாக்கியங்களாகக் கருதித் தள்ளிவிடும். மௌனத்துக்கும் பொருள் உண்டு என்பதை மோடம் செய்தவர்கள் உணர்ந்திருக்கவில்லை.

மோட்பஸ் எல்லாருக்கும் பொது என்பார்கள். வாக்கியத்தின் அமைப்பு பொதுதான். வாக்கியத்துக்குள் இருக்கும் பொருளை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஓட்டம் எந்த ரெஜிஸ்டரில், அதாவது மீட்டரின் எந்த எண்ணிட்ட நினைவறையில், இருக்கிறது? எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறதா, ஒன்றிலா? அலகு மணிக்குக் கன மீட்டரா, வினாடிக்கு லிட்டரா? மொத்தத்தைப் பத்தால் பெருக்கவேண்டுமா, ஆயிரத்தாலா? தசம எண் ஒன்றுக்கு இரண்டு ரெஜிஸ்டர்கள் வேண்டும். அவற்றில் மேற்பாதி முன்னால் வருமா, கீழ்ப்பாதியா? கடைசிக் கேள்வியை அற்பமென்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்வேன். கீழ்ப்பாதியை முதலில் அனுப்பும் மீட்டரை மேற்பாதி முதலில் வருமென்று எண்ணிப் படித்தால், 250 என்ற ஓட்டம் திரையில் பூஜ்யமாகத் தெரியும். ஓட்டம் 250.3 ஆனால் பத்துக் கோடிக்கும் மேலான எண் தெரியும். 250.7 ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எண் தெரியும். அதாவது நீர் பின்னோக்கி நகர்வதாகத் திரை சொல்லும். மீட்டரும் நலம், கம்பியும் நலம், பிழையறியும் பைட்டுகளும் சரியே. குழாயில் அமைதியாக நீர் ஓடிக்கொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையில் மாத்திரம் பிரளயமும் வறட்சியும் மாறிமாறி நிகழும்.

இப்படிப்பட்ட பிரத்தியட்சமான அபத்தத்தையாவது யாரும் கவனிப்பார்கள். அலகு மாறினால் வரும் பிழையே கொடியது. வினாடிக்கு லிட்டரில் வரும் எண்ணை மணிக்குக் கன மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், விடை 3.6 மடங்கு குறைந்துவிடும். குறைந்தாலும் அது நம்பத்தக்க எண்ணாகவே இருக்கும். ஒரு நிலையத்தில் அப்படியோர் எண் நெடுநாள் மாத அறிக்கையில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வரும் நீரைவிட வெளியே போகும் நீர் அதிகமென்று கணக்குச் சொன்னபோதுதான் ஆராயத் தொடங்கினார்கள். மீட்டரின் முகத்திலிருந்த எண்ணையும் திரையிலிருந்த எண்ணையும் ஒரே வேளையில் இருவர் நின்று படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகையால், மீட்டரைப் பொருத்தியவுடன் பேனல் கதவின் உட்புறத்தில், நீர் படாத உறைக்குள், ஒரு தாளை ஒட்டிவைப்பதை நான் நியமமாகக் கொண்டேன். மீட்டரின் பெயரெண், வேகம், எந்தக் கம்பி எந்த முனையில், எந்த ரெஜிஸ்டரில் எது, எந்தப் பாதி முன்னால், அலகு, பெருக்கெண், குழாயின் அளவுகள், பொருத்திய அன்று ஒலியின் பலம் எவ்வளவு, வால்வை மூடியபோது மீட்டர் காட்டிய எண் எவ்வளவு, யார் எழுதியது, என்று எழுதியது. அலுவலகத்துக் கோப்பில் வைத்த பிரதிகள் அதிகாரிகள் மாறும்போதும் நிறுவனங்கள் கைமாறும்போதும் காணாமற்போயின. கணினியில் வைத்தவை கணினியோடு போயின. கதவின் உட்புறத்தில் இருந்தது மீட்டர் இருக்கும்வரை இருந்தது. அந்தத் தாளே அந்த நிலையத்தின் உண்மையான நெறிமுறை என்பது என் திடமான அபிப்பிராயம்; மற்றது அதற்கான இலக்கணம் மட்டுமே.

பின்னாட்களில் குடியிருப்புகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு மீட்டர் வைத்து, ஜனங்கள் உறங்கும் 2 மணி முதல் 4 மணி வரை ஓடும் நீரைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறை பரவியது. அந்த வேளையில் ஓடுவதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போவதே. கால்மணிக்கு ஒருமுறை எண் வந்துகொண்டிருந்தால்தான் அந்த வளைவை வரைய முடியும். ஆகவே சீரியல் தொடர்பு இல்லாமல் இந்த வேலை நடவாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மவர்கள் பெருவாரியாகக் குடியேறிய தாமான் ஒன்றில், ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு முன்பே வளைவு செங்குத்தாக ஏறியது. இளம் மலாய்ப் பொறியாளர் ஒருவர் எனக்குப் போன் செய்து, “அபாங், குழாய் வெடித்திருக்குமோ?” என்று பதைப்போடு கேட்டார். அன்று தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விளக்கியதும் அவர் சற்று யோசித்து, நோன்பு மாதத்தில் தம் கம்போங்கின் வளைவும் நோன்பு தொடங்குமுன் உண்ணும் சாஹூர் வேளையில் இப்படித்தான் ஏறும் என்றார். அதன்பின் அவர் இரண்டு வழக்கங்களையும் தம் நாட்குறிப்பில் குறித்துவைத்துக்கொண்டு, அந்த நாட்களை விலக்கியே கசிவுக் கணக்குப் போட்டார். எண்ணைப் படிக்கத் தெரிவதோடு ஜனங்களின் வாழ்க்கையையும் படிக்கத் தெரிந்தவர் அவர். அத்தகையவர்களோடு வேலை செய்தது என் பாக்கியம்.

இப்போது மீட்டர்களின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. முன்பு ஒரு பெரிய நிலையம் மாத்திரம் வாங்கக்கூடியதாயிருந்த கருவியைச் சிறு ஆலைகளும் வாங்குகின்றன. கம்பியின் இடத்தில் சிம் அட்டை வந்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறையின் இடத்தில் கைப்பேசித் திரை. என்றாலும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மீட்டருக்கும் சிம் அட்டைக்கும் நடுவில் ஓர் அடி நீளத்துக்கு அதே முறுக்கிய இரண்டு கம்பி, அதன்மேல் அதே 1979ஆம் ஆண்டு வாக்கியம். அந்த ஓரடியில் நேரும் பிழையை மேலேயுள்ள எதுவும் திருத்தித்தரப்போவதில்லை.

புலாவ் செபாங்கில் வளர்ந்து, என்னோடு சில காலம் பயின்று, இப்பொழுது தனியே பொறுப்பேற்று வேலை செய்யும் பெண் ஒருத்தி அண்மையில் போன் செய்தாள். பழைய மீட்டரை மாற்றி அதே தயாரிப்பாளரின் புதிய மாதிரியைப் பொருத்தியிருக்கிறார்கள். எண் தாறுமாறாக வருகிறது. ஒப்பந்தக்காரர் மென்பொருளைக் குறை சொல்கிறார். “கதவுல நீங்க எழுதின தாள் இருக்குங்க ஐயா. அதுல கீழ்ப்பாதி முன்னாடின்னு போட்டிருக்கு. புதுசுல மேல்பாதி முன்னாடி வருது. அதுதான் வித்தியாசம்” என்றாள். பிறகு வால்வை மூடச் சொல்லி, மீட்டரின் முகத்திலும் மடிக்கணினியிலும் கட்டுப்பாட்டு அறையிலும் ஒரே நேரத்தில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். திறக்கச் சொல்லி மூன்று எண்களும் சேர்ந்து ஏறுகின்றனவா என்றும் பார்த்திருக்கிறாள். முதல் நாள் மூன்றாவது எண் சேரவில்லை. அது சேரும்வரை ஒப்பந்தக்காரரின் பில்லில் கையெழுத்திட முடியாதென்று நிறுத்திவைத்தாள். சேர்ந்த பிறகு என் தாளுக்குக் கீழே தேதியிட்டுத் தன் தாளை ஒட்டிவிட்டுக் கையெழுத்திட்டாள்.